இரை இறங்கும் இரவு

கூட்டுக் கதவைத் திறக்கும்போது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. எங்கள் கோழி சாம்பலியை இடக்கையில் அணைத்து எடுத்து, வலக்கையின் இரண்டு விரலால் அவளுடைய கழுத்தடியைத் தடவுகிறேன். கழுத்து நெஞ்சோடு சேருகிற இடம்; நடுவில் அல்ல, சற்றே வலப்பக்கம். இறகை விலக்கினால் சூடான தோல். அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. முடிச்சு அவிழ்த்த சுருக்குப்பை மாதிரி மெல்லிய சவ்வு ஒன்று விரல்களுக்கிடையில் வழுகிப் போகிறது. வட்டக்கச்சியில் எங்கள் வளவுக்குள், ஒரு பங்குனி விடியலில், அந்த வெறுமையைத் தொட்டபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பைக்குப் புத்தகங்களில் தீன்பை, தீனிப்பை என்றெல்லாம் பெயர். எங்கள் வீட்டில் அது இரைப்பைதான். கோழிக்குப் பல் இல்லை. கொத்தியதை நின்று பதம்பார்க்க நேரமும் இல்லை. வெட்டையில் மேய்கிற உயிருக்கு மேலே பருந்து, வேலியோரம் கீரி. அதனால் கிடைத்ததை அவசரமாய் விழுங்கி, உணவுக்குழாயே அகன்று பையாகிய அந்த இடத்தில் போட்டுவைக்கும். பிறகு நிழலுக்கு வந்து ஆறுதலாய்ச் செரிக்கும். பைக்குள் நெல் ஊறும். ஊறியது கொஞ்சங்கொஞ்சமாய் இறங்கி, செரிநீர் சுரக்கும் சிறு அறையைக் கடந்து, தடித்த தசையாலான அரைவைப்பைக்குப் போகும். கோழி பொறுக்கி விழுங்கிவைத்த சிறு கற்கள்தாம் அங்கே அம்மியும் குழவியும்.

பொழுதுபடும் நேரத்தில் ஒரு கோழியைக் கவனித்துப் பாருங்கள். பகலெல்லாம் கிண்டிக் கிளறி, விளையாட்டுப்போலத் தின்று திரிந்தது, அடைகிற நேரம் கிட்டக் கிட்ட அவதிப்பட்டுக் கொத்தும். கழுத்தடி ஒருபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். அது இரவுக்கான கட்டுச்சோறு. முட்டை ஒன்று உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம் வேண்டும். அதில் 20 மணித்தியாலமளவு ஓடு கட்டவே போகிறது. அதிலும் பெரும்பகுதி இருட்டில் நடக்கிறது. நாங்கள் பாயில் புரண்டு படுத்திருக்கிற நேரம், கண்மூடிக் குந்தியிருக்கிற கோழிக்குள் ஒரு பை மெல்ல இறங்கும்; ஒரு ஓடு மெல்லத் தடிக்கும். விடியலில் பை வெறுமையாய் இருந்தால், இரவு தன் வேலையை ஒழுங்காய்ச் செய்திருக்கிறது என்று பொருள். எத்தனையோ வருசம் கோழி வளர்த்தும் நான் இதைக் கவனித்ததில்லை. ஒருநாள் அந்தப் பை இறங்காமல் நின்றபோதுதான் கண் திறந்தது.

காலபோக அறுவடை முடிந்து, வைக்கோல் முற்றத்துக்கு வந்த கிழமை அது. முதலில் கண்டவர் அம்மா.

“பிள்ளை, இவளின்ர கழுத்தை ஒருக்காப் பார். ராத்திரித் திண்டது காலமையும் அப்பிடியே கிடக்கு.”

தொட்டுப் பார்த்தேன். சின்ன விளாங்காய் ஒன்றைத் தோலுக்குள் வைத்துத் தைத்ததுபோல இருந்தது. அடிக்கடி கழுத்தை நீட்டி, எதையோ உதறிவிடப் பார்ப்பவள்போலத் தலையை ஆட்டினாள். நல்லெண்ணெய் இரண்டு துளி விட்டு உருவிப் பார்த்தோம், அசையவில்லை. மூன்றாம் நாள் அலகிலிருந்து புளித்த பழஞ்சோற்று மணம் வந்தது. நெஞ்செலும்பு கத்திமுதுகாய்க் கையில் தட்டுப்பட்டது. பை நிறைய இரை இருக்க, அவள் பட்டினியால் மெலிந்துகொண்டிருந்தாள்.

அம்மம்மா காலத்தில் சவர அலகு, தையல் ஊசி, வெள்ளை நூல், கொஞ்சம் மஞ்சள், இவ்வளவோடு திண்ணையில் இருந்து கோழியின் பையை வெட்டித் துப்புரவாக்கித் தைத்துவிடுவார்கள். சிறுபிள்ளையாய் இருந்து நான் விளக்குப் பிடித்திருக்கிறேன். சில கோழிகள் பிழைத்தன. அம்மம்மாவின் கை திறமான கை. ஆனால் மரக்கச் செய்ய மருந்தில்லாமல் அந்தச் சீவன்கள் பட்ட வலியை இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அதனால் சாம்பலியைக் கடகத்துக்குள் வைத்து, மேலே பழஞ்சீலையால் மூடிக் கட்டி, ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

மாட்டுக்கு மருந்தெடுக்க வந்திருந்த ஐயா ஒருவர் கடகத்தை எட்டிப் பார்த்து, “ஊர்க்கோழிக்கோ பிள்ளை ஒப்பரேசன்?” என்று வியந்து கேட்டார். டொக்டர் என்னைவிட இளையவர். கையுறையைப் போட்டபடியே, “உயிர்தானே ஐயா” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த மேசையில் நான் கண்டதை ஒவ்வொன்றாய்ச் சொல்லவேண்டும். பறவைக்கு மரக்கச் செய்யும் மருந்தின் அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து. டொக்டர் ஊசிக்குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு இறகு பிடுங்கினார். கொத்தாக அல்ல, ஒவ்வொன்றாய், அது முளைத்த திசைக்கே இழுத்து. வெளிப்பட்ட தோல் வெங்காயத்தின் உட்தோல்போல அத்தனை மெல்லியது. ஊதா நிறத்தில் நரம்புகள் கொடியோடியிருந்தன. கொடி குறைந்த இடமாய்ப் பார்த்து ஓரங்குலத்துக்கும் குறைவாகத் தோலைக் கீறினார். அதன்பிறகு பையை.

வெளியே வந்தது நீளப்புல், வைக்கோல் துண்டு, ஊறி வெடித்த நெல், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய உரப்பையின் வெள்ளை இழை. யாரோ இருந்து திரித்ததுபோலக் கயிறாய் முறுகியிருந்தது. திரித்தது வேறு யாருமில்லை, பைதான். இரையைப் பிசைந்து பிசைந்து கீழே தள்ளுவது அதன் குணம். இறங்காத இழை அகப்பட்டபோதும் அது தன் தொழிலை நிறுத்தவில்லை. பிசைந்த பிசைவில் கயிறு முறுகிவிட்டது. பிரிந்த உரப்பையை வேலியில் போட்டுவைத்தவள் நான். அந்த வெள்ளை இழையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன்.

பையை உப்புநீரால் கழுவிய பிறகு தையல். நான் ஒரு தையல் என்று நினைத்திருந்தேன். இரண்டு. முதலில் பையின் சுவரை மட்டும், வெட்டிய விளிம்பு உட்புறம் மடியும்படி, உடம்பிலேயே கரைந்துபோகும் நூலால். பிறகு வெளித்தோலைத் தனியாக, வேறு நூலால். இரண்டையும் சேர்த்துத் தைக்கவே கூடாது என்றார் டொக்டர். சட்டைப்பையின் உட்துணியை நெஞ்சுத்துணியோடு சேர்த்து இழுத்துத் தைத்தால் பைக்குள் கை போகாதல்லவா? அதுபோல, தோலோடு ஒட்டிப்போன இரைப்பைக்குத் தன்பாட்டில் விரியவும் சுருங்கவும் முடியாது. ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கிவிட்டுச் சிறு இடுக்கியால் தொட்டுப் பார்த்தார். தோலில் மொத்தம் நாலு முடிச்சு. பாய் முடைகிறவள் ஓரம் மடிக்கிறபோது வருகிற அதே ஒழுங்கு, அதே இடைவெளி. கடைசியில் ஊதா மருந்தைத் தடவினார். புண்ணை ஆற்றுவதோடு அது சிவப்பையும் மறைக்கும். மற்றக் கோழிகளின் கண் சிவப்பில்தான் போய் நிற்கும், கண்டால் கொத்தும்.

வீட்டுக்கு வந்ததும் சாம்பலிக்கு ஒரு காட்போட் பெட்டி. அடியில் வைக்கோல் விரிக்க ஏலாது, தின்றுவிடுவாள். அம்மா தன் பழைய பருத்திச் சீலையை நாலாய் மடித்து விரித்தார். பல வருசம் தோய்த்து உலர்த்தி, புடவையென்ற மினுக்கமெல்லாம் போய், மெதுமை மட்டும் மிஞ்சிய சீலை.

டொக்டர் சொன்ன நேரம் கழிந்ததும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். நெடுநேரம் பார்த்தபடி இருந்தாள். பிறகு அலகின் நுனியைத் தண்ணீரில் தோய்த்து, கீழலகில் ஒரு துளியை ஏந்தி, தலையை வானத்துக்கு நிமிர்த்தினாள். கோழிக்கு எங்களைப்போல உறிஞ்சிக் குடிக்க வராது. தண்ணீரைத் தானே இறங்கவிடவேண்டும். கண் பாதி மூடியது. பக்கவாட்டிலிருந்து கண்ணாடிபோன்ற மூன்றாம் இமை ஓடிவந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போனது. தொண்டை இறகுகளுக்குள் ஓர் அலை கீழே இறங்கியது. அந்தத் துளி போகும் வழியை வெளியே இருந்து கண்ணாலேயே தொடர்ந்தேன். தையலடியில் வந்து நின்றது என் கண். ஈரம் கசிகிறதா? பழைய வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்த்தேன். துணி காய்ந்தே இருந்தது. இரண்டாம் துளிக்குத் தலையைக் குனிந்தாள்.

உணவு சிறு கரண்டிக் கணக்கு. கோழித்தீனைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கட்டி இல்லாமல் மசித்து, விரலில் தொட்டால் வழியும் பதத்தில் ஒரு தேக்கரண்டி; இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். பை நிறைந்தால் தையல் இழுபடும். நெல் வேண்டாம், புல் வேண்டாம். ஆனால் வயிற்றுக்கு ஓயாமல் ஏதாவது போய்க்கொண்டிருக்கவேண்டும். அம்மா கரண்டியை நீட்டுவதே ஒரு பக்குவம். அலகுக்கு நேரே கொண்டுபோகமாட்டார். கண்ணுக்குப் பக்கத்தில், சற்றுக் கீழே பிடிப்பார். கோழியின் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. எதையும் உற்றுப் பார்க்கவேண்டுமென்றால் தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும். சாம்பலி அப்படிச் சரித்து, கரண்டியின் மினுக்கத்தைப் பார்த்து, ஒரு கொத்து. அலகு எவர்சில்வரில் படுகிற “டிக்” சத்தம் முதல்நாள் ஒரு தரம் கேட்டது. மூன்றாம் நாள் அடுப்படிவரை கேட்டது.

நோய் ஒரேயடியாய் வந்ததுபோலத் தெரிந்தது. சுகம் அப்படி வரவில்லை. ஒவ்வொன்றாய், முன்பு ஒருபோதும் நான் எண்ணிப் பார்த்திராத சின்னச் சின்னத் திறமைகளாய்த் திரும்பி வந்தது.

முதலில் எச்சம். கறுத்த சிறு சுருளின்மேல் சுண்ணாம்பு வைத்ததுபோல வெள்ளைத் தொப்பி. பறவைக்குச் சிறுநீர் தனியாய் இல்லை. அதன் கழிவுதான் அந்த வெள்ளை. நாலைந்து நாளாய்ப் பச்சைத் தண்ணீராகவே கண்டிருந்த எங்களுக்கு அந்த ஒழுங்கான சுருள் ஒரு நல்ல செய்தி. “இறங்குது பிள்ளை, இறங்குது” என்று அம்மா பக்கத்து வளவுவரை கேட்கச் சொன்னார்.

அடுத்தது கொண்டை. காய்ந்த காவித்துண்டுபோல இருந்ததன் அடியில் முதலில் ஒரு செம்மை ஊறியது. பிறகு பல்லுப் பல்லாய் மேலேறி, எட்டாம் நாள் வேலியோரத்துச் செவ்வரத்தம்பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நிறமாயிற்று. கோழியின் கொண்டையில் இரத்தம் தோலுக்கு மிகக் கிட்ட ஓடுகிறது. உள்ளே நடப்பதை மறைக்க அதற்குத் தெரியாது.

பிறகு குரல். கோழிகளுக்கு 20க்கும் மேற்பட்ட வகைக் குரல் உண்டென்று ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வளவில் வளர்ந்த எவருக்கும் பாதியாவது விளங்கும். மேலே பருந்து என்றால் ஒரு குரல், தரையில் கீரி என்றால் வேறொன்று. முட்டையிட்டுவிட்டுக் கேறுவது ஒன்று, குஞ்சுகளை இரைக்கு அழைப்பது ஒன்று. சாம்பலி ஏழு நாள் ஒரு சத்தமும் போடவில்லை. எட்டாம் நாள் கரண்டியோடு போனபோது தொண்டைக்குள்ளேயே, வாய் திறக்காமல், “குர்ர்ர்…” என்று ஒரு நீளச்சொல். அதற்குத் தமிழில் சொல் இல்லை. கேட்டபோது எனக்கு விளங்கியது.

அவளைச் சாம்பலி என்று கூப்பிடுகிறோம். கிட்ட வைத்துப் பார்க்காதவரை அது சரியான பேர்தான். மடியில் கிடந்த அந்த நாட்களில் ஓர் இறகை விரித்துப் பார்த்தேன். நடுத்தண்டு வைக்கோல் மஞ்சள். இருபுறமும் மழைமேக நிறம். ஓரத்தில் மையால் கோடிட்டதுபோலக் கறுப்புக் கரை. அடியில், உடம்போடு ஒட்டும் இடத்தில், சாயம் ஏதுமில்லாத பஞ்சு. இத்தனை கைவேலை ஒரு விரல் நீள இறகில். பிடுங்கிய இடத்தில் புது இறகும் முளைத்தது. வெட்டின இறகென்றால் அடுத்த இறகுதிர் காலம்வரை அப்படியே நிற்கும். பிடுங்கினதுக்குப் பதில் உடனே முளைகட்டும். ஊசிமுனைபோல நீலங்கலந்த குருத்துகள், மெழுகு உறையில் சுற்றியபடி. முற்றியதும் அவள் தன் அலகாலேயே உறையை நெருடி உதிர்த்தாள். சீலையெங்கும் வெள்ளைப் பொடி. உறைக்குள்ளிருந்து, மடித்துவைத்த விசிறி விரிவதுபோல, கறுப்புக்கரையோடு ஓர் இறகு.

காலைப் பாருங்கள், மஞ்சள். வீட்டுக்கோழியின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. ஆனால் இந்த மஞ்சள்தோல் அதனிடமிருந்து வந்ததல்ல. இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வு காட்டியது. எங்கள் காட்டோரத்தில் கூவுவது வேறு இனம்: சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் தீற்றிய காட்டுச்சேவல், இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதது, இலங்கையின் தேசியப் பறவை. விடியப்புறம் அது காட்டுக்குள்ளிருந்து கூவ, எங்கள் சேவல் கூட்டுக்குள்ளிருந்து பதில் சொல்லும். பெட்டிக்குள் கிடந்தவள் இரண்டுக்கும் தலையைச் சரித்துக் கேட்டிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் தோல்தையலை வெட்டி எடுத்தார்கள். நாலு முடிச்சும் நாலு கறுத்த எள்ளாய் டொக்டரின் தட்டில் கிடந்தன. அதோடு இன்னொரு வேலை மிச்சம் இருந்தது: மந்தைக்குத் திரும்புவது. நோர்வே நாட்டவரான தொர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பெ சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று அவற்றுக்குள் இருப்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். வரிசையில் நின்றவள் பத்துப்பன்னிரண்டு நாள் காணாமற் போய்த் திரும்பினால் அவளுடைய இடம் இருக்காது. அதனால்தான் பெட்டியை முதல்நாளிலிருந்தே கம்பிவலைக்கு இப்பால், மற்றக் கோழிகளின் கண்ணுக்கு எட்ட வைத்திருந்தோம். வலையைத் தூக்கிய அன்று மூத்த கறுப்பி வந்து, கழுத்திறகைச் சிலிர்த்து, ஒரு கொத்துக் கொத்தியது. சாம்பலி தலையைத் தாழ்த்தி ஒதுங்கினாள். அத்தோடு முடிந்தது. பத்து நிமிடத்தில் இரண்டும் ஒரே வேப்பமர நிழலில் குழி பறித்து மண்குளிக்கத் தொடங்கின. சிறகை விரித்து, ஒருபக்கம் சரிந்து, காலால் புழுதியை வாரி இறகுக்குள் இறைத்து, பிறகு அசையாமல் கிடந்து, எழுந்து ஒரே உதறல். மாலைவெயிலில் அந்தப் புழுதி பொன்னாய் நின்றது.

ஒரு கோழிக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. போருக்குப் பிறகு, 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வளவில் கிணறு தூர்ந்திருந்தது, வீடு இருந்த இடம் பற்றையாய் இருந்தது. தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். அந்த நாட்களில் அம்மா எங்கேயோ சொல்லிவைத்து ஒரு பேட்டையும் ஒரு சேவற்குஞ்சையும் வாங்கி வந்தார். எங்கள் வளவுக்குக் கூரை ஓடு வருமுன்னே கோழிச்சத்தம் வந்துவிட்டது. அந்தப் பேட்டின் வழிவந்தவள்தான் சாம்பலி. அடையிருத்தி 21 நாள் எண்ணுவதும், பொழுதுபட்டால் கூட்டுக்குள் தலை எண்ணுவதும், மறுநாளுக்கென்று ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை எங்களுக்கு மறுபடி பழக்கின. பெரிய இழப்புகளை எண்ணி எண்ணி மரத்துப்போன கைக்கு, ஒரு முட்டையின் சூட்டை அறிகிற நுட்பம் திரும்பியது அந்தக் கோழிகளால். இந்த இருபது நாளில் நான் அதற்கு ஒரு துளி கைம்மாறு செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பதினேழாம் நாள் பின்னேரம் அம்மா சுளகில் நெல் கொண்டுவந்தார். அளக்கவில்லை. சாம்பலி மற்றக் கோழிகளுக்கிடையில் நின்று, அடைகிற நேரத்து அந்தப் பழைய அவதியோடு, கொத்திக்கொண்டே இருந்தாள். கழுத்தடி வலப்பக்கம் மெல்லப் புடைத்தது. தையல் இருந்த இடம் விரிந்து கொடுத்தது. கூட்டுக்குள் ஏறி, குறுக்குத் தடியில் பாய்ந்து குந்தினாள். கோழி குந்தும்போது அதன் உடற்பாரமே கால் தசைநாரை இழுத்து விரல்களைத் தடியில் பூட்டிவிடும், நித்திரையிலும் விழாது. பெட்டிக்குள் சீலையில் கிடந்தவளுடைய விரல்கள் தடியைச் சுற்றி மடிந்து பூட்டியதை ரோச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இருட்டுக்குள் ஒரு கைப்பிடி நெல் ஊறுவதையும், ஒவ்வொரு மணியாய் இறங்குவதையும், கற்களுக்கிடையில் அரைபடுவதையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன். இரணைமடு வாய்க்கால் பக்கமிருந்து தவளைச் சத்தம். விடியப்புறம் காட்டுச்சேவல் ஒருதரம். எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன். அவளை அணைத்து எடுத்து விரலை வைத்தேன்.

வெறும் பை.

சித்திரை பிறந்தபிறகு ஒருநாள், உரல் மூலையில் கேறிக்கொண்டு நின்றாள். போய்ப் பார்த்தால் இளம்பழுப்பு நிறத்தில் ஒரு முட்டை. ஓட்டின்மேல் ஈரம் இன்னும் காயவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவே மங்கி உலர்ந்தது. நான் எடுக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்.

“எடுக்காத பிள்ளை. இவளின்ர முட்டையைச் சேர்த்து வைப்பம். அடைக்கு வைக்க வேணும்.”

இப்போதும் கூட்டைத் திறந்தால் என் விரல் தானாக அவள் கழுத்தடிக்குத்தான் போகிறது. தழும்பு இருக்குமிடத்தை இறகு மூடிவிட்டது. தெரிந்த விரலுக்கு மட்டும் ஒரு நூலளவு தட்டுப்படும். பை வெறுமையாய் இருக்கிறது. இறக்கிவிடுகிறேன். அவள் முற்றத்துக்கு ஓடுகிறாள்.